அமரத்தழகி

கோயில் உத்தரத்தில் அந்த மர வாத்துத் தலையைக் கட்டித் தொங்கவிட்டுப் பன்னிரண்டு நாளாகிவிட்டது. ஊரே போய்ப் பார்த்துவிட்டு வந்தது. அதை வென்று வந்தவன் என்று ஊர் கொண்டாடுகிற ஸ்காமோன் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

எரசோஸ் துறையில் கப்பலை அடையாளம் காண்பதென்றால் அமரத்தைப் பார்த்துத்தான். அமரம் என்பது கப்பலின் பின்பக்கம், சுக்கான் பிடிப்பவன் உட்காருகிற இடம். கரைக்கு வருகிற கப்பலைத் திருப்பி, பின்பக்கம் மணலில் ஏறும்படி இழுத்து நிறுத்துவது லெஸ்போஸ் தீவு முழுக்க உள்ள வழக்கம். ஆகவே ஊர் பார்த்துப் பழகியதெல்லாம் கப்பலின் முதுகைத்தான். மாலை போடுவது அமரத்துக்கு, மது ஊற்றுவது அமரத்துக்கு, கண்ணேறு கழிப்பதும் அமரத்துக்கு. சண்டையில் தோற்ற கப்பலின் அமரத்து உச்சியைக் கோடரியால் வெட்டி எடுத்து வந்து கடல்தெய்வம் பொசைடோனின் கோயிலில் மாட்டுவதும் அதனால்தான். எதிரியின் மூக்கை அறுத்துக்கொண்டு வருகிற மாதிரி அது.

லெம்னோஸ் தீவுப் பக்கத்துக் கடல் கொள்ளையரை அடித்து விரட்டப் போனபோது ஒரு எதிரிக் கப்பலின் அமரத்திலிருந்து வெட்டியது இந்த வாத்துத் தலை என்று சொன்னார்கள். எரசோஸிலிருந்து ஐந்து கப்பலும் பக்கத்து ஊர் அந்திஸ்ஸாவிலிருந்து நான்கு கப்பலும் போயின. ஒன்பதில் எட்டுத்தான் திரும்பின. திரும்பாத ஒன்று அந்திஸ்ஸாக்காரன் தெர்சிப்போஸின் கப்பல். அது முழுகியதைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. எனவே அவன் சண்டைக்குப் பயந்து ஓடிப்போய்விட்டான் என்று இரண்டு ஊரும் சேர்ந்து தீர்ப்பு எழுதிவிட்டன. ஊர் வாய்க்கு என்ன, அதற்குச் சுங்கமா வரியா.

அன்று காலை ஸ்காமோன் தன் கப்பலின் நிழலில் உட்கார்ந்து கயிறு பின்னிக்கொண்டிருந்தான். பாட்டுக் கட்டுகிற மெலாந்தோஸ் தொந்தியைத் தூக்கிக்கொண்டு மணலில் வந்து சேர்ந்தார். வந்ததும் முதல் வேலையாக ஸ்காமோனின் அத்திப்பழக் கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"தம்பி, வாத்துத் தலைக்குக் கீழ கல்லுல ரெண்டு வரி வெட்டணுமாம். என்னை எழுதச் சொல்லியிருக்காங்க."

"எழுதுங்க."

"'ஸ்காமோன் வென்றான், பொசைடோனுக்குத் தந்தான்.' இந்த அளவுக்கு என் கழுதையே எழுதிடும். கப்பலுக்கு ஒரு அடைமொழி வேணும்ல? கறுப்புக் கப்பல்னு போட்டா, எல்லாக் கப்பலும் கறுப்புதான். வேகக் கப்பல்னு போட்டா, அவ்வளவு வேகமா இருந்தா உன்கிட்ட எப்படி மாட்டுச்சுன்னு கேப்பானுங்க."

"ஒண்ணும் வேண்டாம் பெரியவரே. வெறும் கப்பல்னு போடுங்க."

"வெறும் கப்பலா! போய் அந்தத் தலையை நல்லாப் பார்த்தேன்யா. தாரைப் பூசிக் கெடுத்து வெச்சிருக்கான் அந்தக் கொள்ளைக்காரன். ஆனா செதுக்கினவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். அந்தக் கழுத்து வளைவுக்கு ஒரே வார்த்தைதான் இருக்கு. யூப்ரும்னோஸ். அமரத்தழகி."

ஸ்காமோன் கையிலிருந்து கயிறு நழுவியது. "அது தெர்சிப்போஸோட கப்பலுக்குச் சொல்ற வார்த்தையாச்சே."

"சொன்னாங்க, நானும் சொன்னேன். ஓடிப்போனவன் கப்பலுக்கு இனிமே அவ்வளவு நல்ல வார்த்தை எதுக்கு? பிடுங்கிட்டோம்னு வெச்சுக்க." அத்திப்பழத்தின் காம்பைத் துப்பிவிட்டுப் போனார் மனுஷன். யார் தலையில் கல்லைத் தூக்கிப் போட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை, பாவம்.

ஏனென்றால் அது தெர்சிப்போஸின் கப்பலேதான்.

சண்டை நடந்தது பொழுது விடிந்த கையோடு. ஸ்காமோனின் கப்பல் கிழக்கே பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. எதிர்வெயில் கண்ணைக் குத்தியது. பக்கத்துக்கு இருபத்தைந்து பேராக ஐம்பது பேர் துடுப்புப் போட்டார்கள். துடுப்புக்காரனுக்கு முகம் எப்போதும் பின்பக்கம்தானே. முன்னால் என்ன இருக்கிறது என்று அவன் பார்க்க முடியாது. சுக்கான் பிடிப்பவன் முகம்தான் அவனுக்கு வானமும் கடலும். முன்னால் பார்க்கிற கண் கப்பலில் இரண்டு பேருக்குத்தான் உண்டு. பின்னால் சுக்கான் பிடித்த ஸ்காமோனுக்கு, முன்முனையில் நின்ற கொராக்ஸுக்கு.

வெயிலுக்குள்ளிருந்து ஒரு கப்பல் பக்கவாட்டில் வந்தது. நீளமாக, கறுப்பாக, ஒரு கோடு மாதிரி. தெர்சிப்போஸ் ஒரு கொள்ளைக் கப்பலைத் துரத்திப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தான். அது பிற்பாடுதான் புரிந்தது. இருபது வருஷமாக அந்தக் கப்பலை மணலில் பார்த்திருக்கிறான் ஸ்காமோன். ஆயிரம் கப்பலுக்கு நடுவில் நிறுத்தினாலும் அமரத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவான். பக்கவாட்டில், எதிர்வெயிலில், அந்த அமரத்தழகியை அவன் ஒருநாளும் பார்த்ததில்லை. "இடி!" என்று கத்தினான். கொராக்ஸும் கத்தினான். கப்பலின் முன்முனையில் பூட்டிய வெண்கல மூக்கு போய் எதிர்க் கப்பலின் விலாவில் இறங்கியது.

இடிபட்ட கப்பல் சுழன்றது. அதன் அமரம் கொராக்ஸின் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்தது. பழக்கதோஷம், வேறென்ன. கண் பார்ப்பதற்கு முன்னால் கை கோடரியை ஓங்கிவிட்டது. இரண்டு வெட்டு. தலை கப்பலுக்குள் வந்து விழுந்தது. மஞ்சள் வண்ணம் பூசிய வாத்துத் தலை. கொராக்ஸ் அதைப் பார்த்தான், திரும்பி ஸ்காமோனைப் பார்த்தான். முகத்தில் ரத்தமே இல்லை.

அதுவரைக்கும் நடந்தது தப்பு. அதற்கு மேல் நடந்ததுதான் பாவம்.

தண்ணீரில் தெர்சிப்போஸ் ஒரு துடுப்பைப் பிடித்துக்கொண்டு தலையைத் தூக்கினான். ஸ்காமோனைப் பார்த்துவிட்டான். "ஸ்காமோன்! இங்கடா!" என்று கையை ஆட்டினான். திட்டக்கூட இல்லை. கூப்பிட்டால் வருவான் என்ற நம்பிக்கையில் கூப்பிட்டான்.

ஸ்காமோனுக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் மனதில் ஓடியது. சொந்த ஆளைத் தெரியாமல் கொன்றவனுக்கும் ஊரில் இடமில்லை. வீட்டை விட்டு, தீவை விட்டுப் போக வேண்டும். அவனைத் தண்ணீரிலிருந்து தூக்கினால் ஐம்பது பேருக்கும் தெரிந்துவிடும். "பின்தள்ளு!" என்றான். இடித்த கப்பல் பின்வாங்குவது முறைதான், மூக்கை உருவி எடுக்க வேண்டுமே. ஆனால் பத்து வீச்சில் நிறுத்தியிருக்க வேண்டும். அவன் நிறுத்தவில்லை. "தள்ளு! தள்ளு!" என்று தொண்டை கிழியக் கத்தினான். கப்பலைத் திருப்பினால் துடுப்புக்காரர்கள் முகம் தண்ணீரில் கிடப்பவர்களைப் பார்க்கும். பின்னோக்கியே போனால் பார்க்காது. அதற்காகவே நூறு வீச்சுக்கு மேல் பின்னோக்கியே ஓட்டினான். இன்னொரு கொள்ளைக் கப்பல் வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அப்படி ஒரு கப்பலும் வரவில்லை.

வாத்துத் தலையைக் கொராக்ஸ் பாய்த்துணியால் மூடிவிட்டான். ஆட்கள் கேட்டதற்கு, "கோயிலுக்குப் போற பொருள்டா, கண்ணு பட்டுடும்" என்றான். வழியில் ஒரு திட்டில் ஒதுங்கியபோது அதற்குத் தார் பூசினான். ஊர் வந்ததும் பூசாரி அதை வாங்கி நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

அன்றைக்கு உச்சிப்பொழுதில் மிக்கா வந்தாள். தெர்சிப்போஸின் மனைவி. அந்திஸ்ஸாவிலிருந்து மலை தாண்டி நடந்தே வந்திருந்தாள். காலெல்லாம் புழுதி. வார்கோதுமை அப்பம் நாலைத் துணியில் முடிந்து கொண்டுவந்திருந்தாள். கெட்ட காலத்திலும் வெறுங்கையோடு வரமாட்டாள் அவள்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா?"

ஸ்காமோன் எழுந்து நின்றான்.

"கிணத்துல என்னைக் கண்டா குடத்தைத் தூக்கிட்டுப் போயிடுறாளுங்க. வாசல்ல மீன் குடலைக் கொட்டிட்டுப் போறானுங்க. அதையாச்சும் கழுவிக்கலாம். எம் பொண்ணு ஹேரா கோயிலுக்கு மாலை கட்டப் போனா. ஓடிப்போனவன் மவ தொட்ட பூவு ஆகாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. நீங்க அவரோட ஒரே சட்டியில சாப்பிட்டவரு. சொல்லுங்க. அவரு ஓடுற ஆளா?"

"இல்லம்மா."

"அப்ப எங்க போனாரு?"

இதற்கு மேல் பொறுக்க முடியாமல் ஸ்காமோன் ஒரு பொய்யைச் சொன்னான். நல்ல பொய். அவளையும் தன்னையும் காப்பாற்றுகிற பொய். "நான் பார்த்தேன்மா. கொள்ளைக் கப்பல் ஒண்ணு பக்கவாட்டுல இடிச்சுது. சண்டை போட்டுக்கிட்டேதான் முழுகினான்."

மிக்கா வாயைத் துணியால் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. துணியை எடுத்துவிட்டு, "ஏண்ணே இத்தனை நாளாச் சொல்லல?" என்றாள்.

"எந்த முகத்தை வெச்சுக்கிட்டுச் சொல்றது?" இது மட்டும் உண்மை.

அவள் குனிந்து அவன் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். நன்றி சொன்னாள். செருப்பால் அடித்திருந்தால்கூட அவனுக்கு அவ்வளவு வலித்திருக்காது. பிறகு தலையை நிமிர்த்திக் கேட்டாள்: "இடிச்ச கப்பலைச் சும்மா விட்டுட்டீங்களா?"

"விடல..." என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"கோயில்ல தொங்குதே, அதானா?"

ஸ்காமோன் தலையைக் குனிந்துகொண்டான். அதை அவள் ஆமாம் என்று எடுத்துக்கொண்டாள்.

"நாளைக்கு எங்க ஊர்ப் பெரியவங்க ரெண்டு பேரைக் கூட்டிட்டு வர்றேன். என்கிட்டச் சொன்னதை அவங்க முன்னால, கோயில்ல வெச்சுச் சொல்லிடுங்க. எனக்கு அது போதும். எம் பொண்ணு பூத் தொடணும்."

அவள் போனதும் கப்பலுக்குப் பின்னாலிருந்து கொராக்ஸ் வந்தான். எல்லாவற்றையும் கேட்டிருந்தான். "ரொம்ப நல்லதாப் போச்சுண்ணே. அவளுக்கும் மானம் மிஞ்சுது, நமக்கும் மானம் மிஞ்சுது. இதுல யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?" என்றான். சொல்லிவிட்டு அந்த அப்ப முடிச்சைப் பார்த்தான். இரண்டு பேரும் அதைத் தொடவில்லை. கடைசியில் அது காக்கைக்குப் போயிற்று.

மறுநாள் காலை கோயில் நிறைந்துவிட்டது. அந்திஸ்ஸாப் பெரியவர்கள் இருவரும் தடியை ஊன்றி முன்னால் நின்றார்கள். அவர்கள் பார்ப்பதற்காக வாத்துத் தலையை இறக்கி, புதிதாக வெட்டிய கல்லின் மேல் வைத்திருந்தார்கள். ஸ்காமோனின் துடுப்புக்காரர்கள் பாதிப் பேர் வந்திருந்தார்கள். அவர்களில் பிட்டாலோஸ் என்று ஒரு வாயாடி, செத்த வீட்டிலும் சிரிக்க வைத்துவிடுவான்.

"எங்க அண்ணன் மாதிரி ஓட்டுற ஆளு உண்டா? எல்லாரும் முன்னால ஓட்டி ஜெயிப்பாங்க. இவரு பின்னால ஓட்டியே ஜெயிச்சாரு. தள்ளு தள்ளுன்னு தள்ளச் சொன்னதுல, இப்படியே போய் எங்க ஆத்தா வயித்துக்குள்ளயே திரும்பப் பூந்துடுவோமோன்னு பயந்துட்டேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். கொராக்ஸும் சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

மெலாந்தோஸ் தொண்டையைச் செருமிக்கொண்டு கல்லில் இருந்ததை வாசித்தார். எரசோஸின் ஸ்காமோன் பொசைடோனுக்குத் தந்தது, அமரத்தழகியான எதிரிக் கப்பலின் உச்சி.

"என்ன சொன்னீங்க?" என்றாள் மிக்கா. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"அமரத்தழகி. ஏன்மா?"

"அது எங்க வீட்டுக் கப்பலுக்குச் சொல்றது." அவள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அவரு அதைக் கேட்டுட்டா அன்னைக்கு முழுக்கச் சிரிச்சுக்கிட்டே இருப்பாரு. வீட்டுக்கு வந்து, கேட்டியாடி, கேட்டியாடின்னு பத்துத் தரம் சொல்லுவாரு. அவரைக் கொன்ன இந்தச் சனியனுக்கா அவரு கப்பல் பேரையும் பிடுங்கி வெச்சீங்க?"

யாரும் தடுப்பதற்குள் அவள் போய் அந்தத் தலையின் மேல் காறித் துப்பினாள். பிறகு இரண்டு கையையும் தரையில் அடித்தாள். அந்தத் தீவில் சாபம் கொடுப்பது அப்படித்தான், பூமிக்குக் கீழே இருக்கிற தெய்வங்கள் கேட்கட்டும் என்று.

"இந்தக் கப்பலோட சுக்கானைப் பிடிச்ச கை அழுகிப் போகட்டும்! அவனுக்கு ஒரு பிடி மண்ணு விழக் கூடாது! அவன் பேரைச் சொல்லி ஒருத்தரும் அவனைக் கூப்பிடக் கூடாது! அவன்..."

ஸ்காமோனுக்கு வர வேண்டிய சாபம் அது. அதை அவள் யாருக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்! கல்லறை இல்லாமல், கரை இல்லாமல் கிடக்கிறவனுக்கு அவனுடைய பெண்டாட்டியே மண்ணை மறுத்துக்கொண்டிருந்தாள். இன்னும் ஒரு வாக்கியம் முடிந்துவிட்டால் அந்தச் சாபம் தெர்சிப்போஸைக் கட்டிவிடும். மானமாவது, வீடாவது. அவன் பாய்ந்து போய் அவள் கையைப் பிடித்தான்.

"நிறுத்து! நிறுத்தும்மா! அது தெர்சிப்போஸ் கை!"

"என்னண்ணே?"

"இது உங்க கப்பல். இதோட சுக்கானைப் பிடிச்சது தெர்சிப்போஸ். இடிச்சது நான்."

அவன் மீதியையும் சொன்னான். வெயிலைச் சொன்னான், ஆனால் அதன் மேல் பழி போடவில்லை. கோடரியைச் சொல்லும்போது கொராக்ஸின் பெயரைச் சொல்லவில்லை. கொராக்ஸ் தானாகவே தூணோரமாகக் குந்தி, "வெட்டினதும் தார் பூசினதும் நானு" என்றான்.

பிட்டாலோஸின் முகம் மாறிக்கொண்டே வந்தது. "அதுக்குத்தானாடா எங்களைப் பின்னாலயே ஓட்ட விட்ட?" என்றான். சற்று முன்புவரை அண்ணன் என்று கொண்டாடிய வாய். "ஐம்பது பேரு இருந்தோம். ஆளுக்கு ஒருத்தனைத் தூக்கியிருப்போமேடா!"

மிக்கா அந்தத் தலையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையால் தன் எச்சிலைத் துடைத்தாள். பிறகு நகத்தால் தாரைச் சுரண்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சள் தெரிந்தது. விரல்நுனியில் ரத்தம் வந்த பிறகும் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"உசிரோட இருந்தாரா?"

"இருந்தான்."

"பேசினாரா?"

"என்னைக் கூப்பிட்டான்."

"எத்தனை தரம்?"

"தெரியல. காதுல விழக் கூடாதுன்னு நான் கத்திக்கிட்டே இருந்தேன்."

அந்திஸ்ஸாப் பெரியவர்களில் மூத்தவர் மிக்காவைப் பார்த்து, "உன் புருஷன் ஓடல தாயி. ஊருக்கு நான் சொல்றேன்" என்றார். பிறகு ஸ்காமோன் பக்கம் திரும்பி, "நீ நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள தீவை விட்டுப் போயிடணும்" என்றார். அவன் தலையாட்டினான். அதற்குத்தான் அவ்வளவு பயந்தான். இப்போது அது ஒரு பொருட்டாகவே தெரியவில்லை. எங்கே போனாலும் அந்தக் குரலும் கூட வரும் என்பது மட்டும் தெரிந்தது.

மிக்கா வாத்துத் தலையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். உடம்பு கிடைக்காதவனுக்கு அதைத்தான் புதைக்க வேண்டும். அதற்கு முன்னால் கடலைப் பார்த்து நின்று செத்தவன் பெயரை மூன்று தரம் கூப்பிட வேண்டும். அப்போதுதான் அவன் வீடு வந்து சேருவான். கூப்பிட வேண்டியது வீட்டுக்காரி.

அவள் நேரே துறைக்கு இறங்கினாள். கூட்டம் பின்னால் போனது. அலையோரத்தில் நின்று அவள் திரும்பினாள்.

"நான் கூப்பிட மாட்டேன். நீ வா. அவரு உன்னைத்தான கூப்பிட்டாரு? நீ கூப்பிடு."

ஸ்காமோன் முழங்காலளவு தண்ணீரில் இறங்கினான். "தெர்சிப்போஸ்" என்றான். அலைச் சத்தத்தில் அது பின்னால் நின்றவர்களுக்கே எட்டவில்லை. இன்னொரு முறை சொன்னான். அழுகை முந்திக்கொண்டது.

"கேக்கல" என்றாள் மிக்கா. "அன்னைக்குக் கத்தினியே, தள்ளு தள்ளுன்னு. அவ்வளவு சத்தமாக் கூப்பிடு."

அவன் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு, தொண்டை கிழியக் கூப்பிட்டான்.